சார்வு

நாங்குநேரி முன்சீப் கோர்ட்டில்
பதினோரு வருஷமாக
ஒரே ஒரு வினைச்சொல்லுக்குச் சம்பளம் வாங்குகிறேன்.

சர்வ்.
சம்மன் ஆள் கையில் சேர்ந்தால் சர்வ்டு.
சேராவிட்டால் அன்சர்வ்டு.
இரண்டுக்கும் நடுவில்
ஏர்வாடி பஸ், மூணு கிலோமீட்டர் நடை,
ஒரு நாய்.

தமிழ்த் தாளில்
'சார்வு செய்யப்பட்டது' என்று எழுதுவோம்.
அது சாய்கிற சார்வா,
இல்லை சர்வ்தான் வேட்டி கட்டி நிற்கிறதா
என்று நாசர் அருமைநாயகத்திடம் கேட்டேன்.
'கையெழுத்து இருக்கான்னு பாருங்க புஷ்பராணி' என்றார்.

ஆனாலும் போகிற இடமெல்லாம்
அந்தச் சொல் எனக்கு முன்னால் போய்
உட்கார்ந்திருக்கிறது.

சித்தப்பா மகன் பாளையங்கோட்டை ஜெயிலில்
நாலு வருஷம் சர்வ் பண்ணினான்.
யாருக்கு என்ன பரிமாறினான் என்று
எங்கள் வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.
(அடுப்படியில்தான் போட்டிருந்தார்களாம்,
அது வேறு.)

ஞாயிறு காலை கோவிலில் முதல் சர்வீஸ்.
எதிர்த்தாற்போல மெக்கானிக் கடையில்
வண்டி சர்வீஸ்.
ரெண்டு இடத்திலும்
யாராவது முழங்கால் போட்டு இருக்கிறார்கள்.

மூலைக்கரைப்பட்டியில் பையன்கள் வாலிபால்.
'சர்வீஸ் போடுலே!'
எதிராளி எடுக்க முடியாமல் போட்டால்
அங்கே கைதட்டல்.
எதிராளி எடுக்காவிட்டால்
எனக்கு மெமோ.

'நல்லா வேணும்' என்கிற வசவுக்கும்
இங்கிலீஷில் இதே சொல்தான் என்று
பிளஸ் டூ படிக்கிற மகள் சொன்னாள்.
சோறு வைக்கிற சொல்லை எடுத்தா
சபிக்கவும் செய்வார்கள்?

போன வியாழக்கிழமை
மாவடிக்குப் போகிற வழியில்
அசல் வழக்கு நூற்றிப் பதினேழு.
பிரதிவாதி கொம்பையா.
உரக்கடைப் பாக்கி, வாழை காற்றில் சாய்ந்த வருஷத்தது.
முதல் தடவை பூட்டு.
ரெண்டாம் தடவை பூட்டு, உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம்.
மூணாம் தடவை
பந்தல்.

'வாங்க மைனி, பந்தி போட்டாச்சு' என்று
ஒரு பொம்பிளை கையைப் பிடித்துவிட்டாள்.
எந்த ஊரு, யாரு வீட்டுக்காரி,
ஒன்றும் கேட்கவில்லை.
மொட்டையடித்த பிள்ளை ஒன்று
குத்தின காதைத் தொட்டுத் தொட்டு அழுதது.
எனக்கு முன்னால் இலை விழுந்தது.
தண்ணீர் தெளித்தேன்.
பை முழங்காலுக்குப் பக்கத்தில்.

'எலே கொம்பையா, இந்த வரிசைக்குக் கறி வரலை!'

வந்தார்.
வாளியும் கரண்டியுமாக,
வேர்த்து வழிய, வேட்டியை மடித்துக் கட்டி.
இத்தனை நாள் பூட்டுக்குள் இருந்த ஆள்
குனிந்து என் இலையைப் பார்த்து,
'எலும்பு போடவா, சதையா போடவா?'

நான் இலையைக் கையால் மறைத்தேன்.
விரல் சந்து வழியாக
இன்னொரு கரண்டி விழுந்தது.

கை கழுவிவிட்டு வந்து
காக்கிக் கவரை நீட்டினேன்.
மொய் என்று நினைத்து
இரண்டு கையாலும் வாங்கினார்.

சீலைப் பார்த்தார்.
பந்தலைப் பார்த்தார்.
மேளக்காரன் அந்த நேரம் பார்த்துத்தானா
வாசிப்பை நிறுத்த வேண்டும்.
'சாப்டியள்லா?' என்றார்.
'சாப்டேன்.'
'அப்பம் சரி. எங்க போடணும்?'

நேரம் என்கிற கட்டத்தில்
ஒண்ணு நாப்பது என்று எழுதினேன்.
எனக்கு அதற்கு இருபது நிமிஷம் முன்னாலேயே
சார்வு ஆகிவிட்டது.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

மறுநாள் நாசர் தாளை வெளிச்சத்தில் பிடித்து
கையெழுத்துக்கு மேலே என்ன மஞ்சளாக என்றார்.
கொழம்பு என்றேன்.
யார் கை என்று அவர் கேட்கவில்லை.

பேனா கொம்பையாவிடமே போய்விட்டது.
வாய்தா இருபத்திரண்டாம் தேதி.
வந்தால் கேட்கவேண்டும்.